ஜப்பானில் வாக்யு யாக்கினிக்கு: வாசல் தொடங்கி கடைசிக் கிண்ணம் வரை

ஒசாகாவில் சுருஹாஷி ரயில் நிலையத்தில் இறங்கினால் பலகை பார்த்து வழி தேட வேண்டியதில்லை. கரியில் சொட்டும் மாட்டுக் கொழுப்பின் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். 2001இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் மணத்துக்குப் பெயர்போன 100 இடங்களைப் பட்டியல் போட்டது. ஃபுரானோவின் லாவண்டர் தோட்டங்கள் இருந்த அதே பட்டியலில் இந்த நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களும் இடம்பிடித்தன. அங்கே வீசும் மணம் யாக்கினிக்கு. ‘யாக்கி’ என்றால் சுடுவது, ‘நிக்கு’ என்றால் இறைச்சி. மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் கம்பி வலை, கையில் இடுக்கி, தட்டில் மெல்லியதாக வெட்டிய பச்சை இறைச்சி. அவ்வளவுதான் ஏற்பாடு.

இது ஜப்பானின் பழைய உணவு இல்லை. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை போட்டார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் மாட்டிறைச்சி வெளிப்படையாகச் சாப்பிடும் பொருளாக இல்லை. 1872இல் மெய்ஜி பேரரசரே சாப்பிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நாட்டின் மனம் மாறியது. மேசையிலேயே சுட்டுச் சாப்பிடும் முறையை வளர்த்தவர்கள் ஜப்பானில் குடியேறிய கொரியர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் அவர்கள் சின்னச் சின்னக் கடைகள் போட்டார்கள். இன்றும் உணவுப் பட்டியலில் பாதிச் சொற்கள் கொரிய மொழியிலிருந்து வந்தவை. விலாக்கறியைக் குறிக்கும் ‘கருபி’ கொரியாவின் கல்பிதான். காரமாக நொதிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி, எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசிறிய காய்கறி நாமுல், காய்கறியும் இறைச்சியும் கலந்த சோறு பிபின்பா எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

முதல் தடவை போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்தச் சாப்பாட்டில் சமைப்பது நீங்கள். கடைக்காரர் நல்ல இறைச்சி வாங்கி, நார் பார்த்து வெட்டி, தட்டில் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு மாட்டை இரண்டரை வருடம் வளர்த்தவர் செய்த வேலையும், கத்தி பிடித்தவர் செய்த வேலையும் உங்கள் இடுக்கியில் ஒரு நிமிடத்தில் நல்லபடி முடியலாம், கெட்டும் போகலாம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்த மாதிரிக் கடைக்குப் போவது?

யாக்கினிக்குக் கடைகள் பல வகை. ‘தாபெஹோதாய்’ கடைகளில் ஒரே தொகை கட்டிவிட்டு 90 அல்லது 120 நிமிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தலைக்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 யென் ஆகும். அங்கே பெரும்பாலும் கிடைப்பது இறக்குமதி இறைச்சி. பசியோடு வரும் கூட்டத்துக்கு நல்ல இடம், கொழுப்பு இழையோடும் ஜப்பானிய மாட்டினங்களின் இறைச்சியான வாக்யுவுக்கான இடம் இல்லை. தட்டில் மிச்சம் வைத்தால் கூடுதல் பணம் கேட்கும் கடைகளும் உண்டு.

தனியாகப் போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன அடுப்பு வைத்த கடைகள் வந்துவிட்டன. 2018இல் டோக்கியோவின் ஷிம்பாஷியில் தொடங்கிய ‘யாக்கினிக்கு லைக்’ இந்த வகையைப் பிரபலமாக்கியது. கூச்சமில்லாமல் சுட்டுப் பழகிக்கொள்ள இது நல்ல வழி. 1996இல் டோக்கியோவின் சாங்கென்ஜாயாவில் சின்னதாகத் தொடங்கிய ‘க்யூகாக்கு’ போன்ற சங்கிலிக் கடைகள் நடுத்தரம்.

வாக்யுவுக்காகவே போவதென்றால், தட்டு தட்டாக விலை போட்டு விற்கும் தனிக்கடைதான் சரி. மாலையில் ஆளுக்கு 6,000 முதல் 10,000 யென் வரை எடுத்து வையுங்கள். அதற்கு மேலே எல்லையே கிடையாது. கையில் அவ்வளவு இல்லையென்றால் மதியம் போங்கள். பல நல்ல கடைகள் மதியத்தில் சோறு, சூப், கிம்ச்சியோடு ஒரு தட்டு இறைச்சியை மாலை விலையில் பாதிக்கும் குறைவாகத் தருகின்றன. என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு மதியம்தான் நல்லது. கூட்டம் குறைவு, அவசரம் இல்லை, அடுப்பைக் கவனிக்கலாம்.

மாலைக்கு முன்பதிவு அவசியம், அதிலும் வெள்ளி, சனியில் கட்டாயம். ஜப்பானிய மொழியில் 2-9 என்பதை ‘நி-கு’ என்று படிக்கலாம், அது இறைச்சி என்ற சொல்லாகவே ஒலிக்கும். அதனால் ஒவ்வொரு மாதமும் 29ஆம் தேதி ‘இறைச்சி நாள்’. ஆகஸ்ட் 29 வந்தால் 8-2-9, ‘யா-கி-நிகு’, யாக்கினிக்கு நாளே ஆகிவிடும். அன்றைக்குத் தள்ளுபடியும் இருக்கும், வாசலில் வரிசையும் இருக்கும். தொலைபேசியில் மட்டும் பதிவு எடுக்கும் கடைகளுக்கு உங்கள் ஹோட்டல் முகப்பில் கேட்டால் அழைத்துச் சொல்லிவிடுவார்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள். சின்னக் கடைக்கு அன்று எடுத்து வெட்டிய இறைச்சியே நட்டமாகும்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஹலால் யாக்கினிக்குக் கடைகள் இருக்கின்றன. சாதாரணக் கடையில் இறைச்சியை மட்டும் விசாரித்தால் போதாது. தொட்டுக்கொள்ளும் சாறிலும் ஊறவைக்கும் கலவையிலும் சாகே, மிரின் போன்ற அரிசி மதுக்கள் வழக்கமாகச் சேரும், பன்றியும் அதே வலையில் சுடப்படும்.

வாக்யு என்று எழுதியிருந்தால் என்ன பொருள்?

ஜப்பானில் வளர்ந்த மாடெல்லாம் வாக்யு இல்லை. பட்டியலில் ‘கொகுசான்’ என்று இருந்தால் உள்நாட்டில் வளர்ந்த மாடு என்றுதான் பொருள். அது பால் மாடான ஹோல்ஸ்டீனாகவும் இருக்கலாம், கலப்பினமாகவும் இருக்கலாம். வாக்யு என்பது நான்கு இனங்களுக்கு மட்டும் உரிய பெயர்: கறுப்பு, பழுப்பு, குட்டைக்கொம்பு, கொம்பில்லாதது. கடைகளில் நாம் பார்ப்பதில் மிகப் பெரும்பகுதி கறுப்பு இனம். குமாமோட்டோ, கோச்சி பக்கத்துப் பழுப்பு மாடும், இவாத்தே பக்கத்துக் குட்டைக்கொம்பு மாடும் கொழுப்பு குறைந்து, இறைச்சியின் சுவை தூக்கலாக இருக்கும். பட்டியலில் எங்காவது அவை தென்பட்டால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எல்லோரும் கேட்கும் ஏ5 என்ற தரக் குறியீடு. இதில் எழுத்து வேறு, எண் வேறு. ஏ, பி, சி என்பது ஒரு மாட்டின் உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்ற கணக்கு. அது வியாபாரிக்கு உதவும், சாப்பிடுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 1 முதல் 5 வரையான எண்தான் தரம். ஆறாவது, ஏழாவது விலா எலும்புகளுக்கு இடையே வெட்டிப் பார்த்து, கொழுப்பு இழையோட்டம், இறைச்சியின் நிறமும் பளபளப்பும், இறுக்கமும் இழையும், கொழுப்பின் நிறமும் தன்மையும் என்று நான்கையும் மதிப்பிடுவார்கள். நான்கில் எது மிகக் குறைவோ அதுவே மொத்தத் தரம். இழையோட்டத்துக்கு மட்டும் தனியாக பி.எம்.எஸ். என்ற 1 முதல் 12 வரையான அளவுகோல் உண்டு. 8 முதல் 12 வரை 5ஆம் தரம், 5 முதல் 7 வரை 4ஆம் தரம்.

அப்படியென்றால் 8ம் ஏ5, 12ம் ஏ5. இரண்டும் வாயில் ஒன்றாக இருக்காது. தவிர, ஏ5 இன்று அரிதும் இல்லை. இறைச்சிக்காக வளர்க்கப்படும் காயடித்த வாக்யு காளைகளில் இப்போது பாதிக்கு மேல் அந்தத் தரம்தான். கொழுப்பு கூடக் கூட நாலு துண்டுக்கு மேல் இறங்காது, வயிறு திகட்டிவிடும். ஏ4இல் வரும் தொடைக்கறியும் தோள்கறியும் எனக்கு ஏ5 கருபியை விட எத்தனையோ முறை நன்றாக இருந்திருக்கின்றன. பட்டியலில் எழுத்தையும் எண்ணையும் தேடுவதை விட, எந்த ஊர் மாடு, உடம்பில் எந்த இடத்துக் கறி என்று தேடுவது பயன் தரும்.

ஊர்ப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபே மாட்டிறைச்சி என்றால் ஹ்யோகோ மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்த தாஜிமா வம்ச மாடு, பி.எம்.எஸ். 6க்குக் குறையக் கூடாது. மாட்சுசாகா என்றால் கன்று ஈனாத கிடாரி மட்டும். ஓமி என்பது ஷிகா மாகாணத்தது. மூன்றும் நல்லவையே, மூன்றிலும் பெயருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம்.

உண்மையா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. 2001 செப்டம்பரில் ஜப்பானில் முதல்முறையாகப் பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்) கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் பயந்துபோனார்கள். அதன் விளைவாக 2003இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டில் வளரும் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் உண்டு. யாக்கினிக்குக் கடைகள் அன்றைய மாட்டின் எண்ணைப் பலகையிலோ பட்டியலிலோ காட்ட வேண்டும். அரசின் கால்நடை மேம்பாட்டு மையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பிறந்த தேதி, இனம், எந்த மாகாணங்களில் வளர்ந்தது என்று எல்லாம் வரும். இறைச்சி வரும் வரை காத்திருக்கும் நேரத்தில் நான் இதைச் செய்வதுண்டு. நாம் சாப்பிடப் போகும் உயிர் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உட்கார்ந்ததும் செய்ய வேண்டியவை

வாசலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒருவர் என்றால் ‘ஹிதோரி’, இருவர் ‘ஹுதாரி’. விரலைக் காட்டினாலும் போதும். கோட்டு, பை எல்லாவற்றையும் நாற்காலிக்கு அடியில் உள்ள கூடையிலோ அவர்கள் தரும் பெரிய பிளாஸ்டிக் பையிலோ போட்டு மூடிவிடுங்கள். புகையை உறிஞ்சும் அடுப்புகள் 1980களிலிருந்தே பரவிவிட்டாலும், கரி அடுப்புக் கடையில் வாசனை ஒட்டத்தான் செய்யும். காகித ஏப்ரன் கொடுத்தால் கூச்சப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள். கொழுப்புத் தெறித்த கறை லேசில் போகாது.

ஈரத் துண்டு ‘ஓஷிபோரி’ வரும், கை துடைக்க. முதலில் குடிப்பதற்கு என்ன என்று கேட்பார்கள். மது வேண்டாம் என்றால் ஊலோங் தேநீர் சொல்லுங்கள். கசப்பும் துவர்ப்பும் கலந்த அந்தத் தேநீர் நாக்கிலிருக்கும் கொழுப்பைக் கழுவிவிடும். வாக்யுவுக்கு அதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியவில்லை. ஆளை அழைக்க ‘சுமிமாசென்’ என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும், அது அங்கே முரட்டுத்தனம் இல்லை. பல கடைகளில் மேசையில் மணி பொத்தானோ தொடுதிரையோ இருக்கும்.

என்ன வாங்குவது, எந்த வரிசையில்?

ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு தட்டு சொல்லுங்கள், சுடுங்கள், சாப்பிடுங்கள், அப்புறம் அடுத்த இரண்டு. ஒரு தட்டு என்பது பொதுவாக 80 முதல் 100 கிராம். வாக்யு என்றால் ஆளுக்கு 200 கிராம் தாராளம். பாதி அளவு தரும் கடைகளும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். எதுவும் புரியவில்லை என்றால் ‘மோரியாவாசே’ சொல்லுங்கள். நாலைந்து வகையை ஒரே தட்டில் கலந்து, பெயர் எழுதிய சின்னக் குச்சிகளைச் செருகிக் கொண்டுவந்து வைப்பார்கள். தொடக்கத்துக்கு இதுவே போதும்.

உப்பு போட்டது முதலில், சாறில் ஊறியது பிறகு. கொழுப்பு குறைந்தது முதலில், கூடியது பிறகு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. சோயா, சர்க்கரை, பூண்டு கலந்த சாறு ‘தாரே’ வலையில் ஒட்டிக் கருகும். அதன்பின் எதைப் போட்டாலும் கருகல் வாடை ஏறும்.

அதனால் முதல் தட்டு ‘டான்’, அதாவது நாக்கு. உப்பும் மிளகும் தூவி, எலுமிச்சையோடு வரும். பெரும்பாலான கடைகளில் நாக்கு வெளிநாட்டிலிருந்து வருவதுதான். ஒரு மாட்டுக்கு ஒரே நாக்கு என்பதால் வாக்யு நாக்குக்குத் தட்டுப்பாடு. அது கிடைக்கிற கடையில் விலை மூக்கில் விரலை வைக்கச் செய்யும். ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து சிவப்பு இறைச்சி. தொடைப் பக்கத்து ‘ராம்பு’, ‘ஷின்ஷின்’, பின்புறத்து ‘இச்சிபோ’. கடித்தால் கறி என்று தெரியும் இடங்கள் இவை. அப்புறம் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும் ‘மிசுஜி’. நடுவே ஒரு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளைகளுமாக, ஓர் இலையைப் பிடித்துப் பார்ப்பது போல இருக்கும். ஒரு மாட்டில் சிறிதளவே தேறும். பட்டியலில் இருந்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். ‘ஸாபுட்டோன்’ என்றால் தரையில் போட்டு உட்காரும் சதுர மெத்தை. கழுத்துக்கும் விலாவுக்கும் நடுவிலுள்ள அந்தத் துண்டு மெத்தை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். கொழுப்பு இழை மிக நெருக்கமாக ஓடும். ஆளுக்கு இரண்டு துண்டு போதும்.

‘ஹராமி’ பற்றி ஒன்று. பார்க்கவும் சுவைக்கவும் சிவப்பு இறைச்சிபோல இருந்தாலும் அது உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை. வணிகத்தில் உள்ளுறுப்புக் கணக்கில் சேரும். தரம் பார்ப்பது விலா வெட்டில் என்பதால் ஹராமிக்கென்று தனித் தரம் கிடையாது. நாக்குக்கும் இதே கதை. சாறு நிறைந்த, மென்மையான, திகட்டாத கறி. யாக்கினிக்குக் கடையில் ஒரே ஒரு தட்டு என்றால் நான் கேட்பது இதைத்தான்.

கருபி, அதாவது விலாக்கறி, கடைசிப் பக்கம் வரட்டும். நாக்கில் முதலிலேயே அந்தக் கொழுப்பு படிந்தால் பிறகு வருவது எல்லாம் மங்கிவிடும்.

சுடுவது

பல வருடம் முன்பு சுருஹாஷியில் ஒரு சின்னக் கடையில் தட்டிலிருந்த எட்டுத் துண்டையும் ஒன்றாக வலையில் கொட்டிவிட்டேன். கொழுப்பு உருகிக் கரியில் விழுந்து, நெருப்பு என் முகம் வரை எழுந்தது. கடையை நடத்திய பாட்டி ஒன்றும் பேசாமல் வந்தார். என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, துண்டுகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, ஒரு கிண்ணத்திலிருந்து இரண்டு ஐஸ் கட்டியை எடுத்து நெருப்பு எழும் இடத்தில் வைத்தார். தீ அடங்கியது. பிறகு கருகாத ஒரே துண்டை எடுத்துத் திருப்பி, என் தட்டில் வைத்து, ஒரு விரலைக் காட்டினார். ஒவ்வொன்றாக. அன்று கற்றதுதான் இன்றும் என் முறை.

முதலில் வலை நன்றாகச் சூடேறட்டும். உட்கார்ந்தவுடன் போட்டால் இறைச்சி ஒட்டிக்கொண்டு கிழியும். உள்ளங்கையை வலைக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பாருங்கள். மூன்று நொடிக்கு மேல் தாங்க முடியாவிட்டால் தயார். கொழுப்புக் கட்டி கொடுத்திருந்தால் இடுக்கியால் வலை முழுக்கத் தேயுங்கள். அப்புறம் அடுப்பில் எந்த இடம் அனல், எந்த இடம் மந்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நடுவில் அனல், ஓரத்தில் மந்தம். கரி அடுப்பில் கங்கு எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே.

இனி ஒரு துண்டு. ஒரு விரல் பருமனில் பாதி இருக்கும் மிசுஜி என்று வைத்துக்கொள்வோம். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, துணியை விரிப்பதுபோல வலையில் விரியுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் உடனே வர வேண்டும். வராவிட்டால் வலை இன்னும் சூடாகவில்லை. இப்போது தொடாதீர்கள், அழுத்தாதீர்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் ஓரம் சாம்பல் நிறமாகும். அடுத்து வெள்ளையாக இருந்த கொழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோலத் தெளியும். பிறகு மேற்பரப்பில் வியர்வை பூத்ததுபோல இளஞ்சிவப்பு முத்துகள் அரும்பும். அதுதான் திருப்ப வேண்டிய நேரம். திருப்பினால் அடிப்பக்கத்தில் வலையின் கோடுகள் பழுப்பாகப் பதிந்திருக்கும். மறுபக்கத்துக்கு முன்பக்கத்தின் பாதி நேரம்கூட வேண்டாம். பத்து எண்ணுங்கள், எடுத்துவிடுங்கள். வாக்யுவின் கொழுப்பு மிகக் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். வலையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நொடியும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது கரியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற வகைகளில் சின்னச் சின்ன மாற்றங்கள். மெல்லிய நாக்கை ஒரு பக்கம் நன்றாகச் சுட்டு, ஓரம் சுருளும்போது திருப்பி உடனே எடுக்கலாம். மேலே நறுக்கிய வெங்காயத்தாள் வைத்து வந்தால் திருப்பவே கூடாது, அடிப்பக்கம் மட்டும் சுட்டு மடித்து எடுங்கள். எலுமிச்சையை வலையில் இருக்கும்போது பிழியாதீர்கள், தட்டுக்கு வந்தபின் பிழியுங்கள். சர்லாயின் என்ற முதுகுக் கறியைக் காகிதம்போலச் சீவிய பெரிய துண்டு வந்தால் அதற்கு ‘யாக்கி-ஷாபு’ என்று பெயர். பக்கத்துக்கு மூன்று நொடி, அவ்வளவே. அதைப் பச்சை முட்டை மஞ்சள்கருவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஜப்பானில் முட்டையின் காலாவதித் தேதியே பச்சையாகச் சாப்பிடும் கணக்கில்தான் குறிக்கப்படுகிறது. பருமனான ஹராமி மட்டும் அடிக்கடி திருப்பி, எல்லாப் பக்கமும் நிறம் வந்தபின் ஓரத்தில் ஒரு நிமிடம் ஓய்வெடுக்க விட்டுச் சாப்பிட வேண்டும்.

நெருப்பு எழுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பல் பறந்து எல்லோர் தட்டிலும் விழும். இறைச்சியை ஓரத்துக்கு நகர்த்துங்கள், ஐஸ் கேளுங்கள். வலை கருகிவிட்டால் ‘ஆமி கோக்கான்’ என்று சொன்னால் போதும், புது வலை போட்டுத் தருவார்கள். பெரும்பாலான கடைகளில் இதற்குப் பணம் கிடையாது. உப்புக் கறியிலிருந்து சாறுக் கறிக்கு மாறும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இதில் மட்டும் அலட்சியம் கூடாது: பச்சை இறைச்சியைத் தொடுவது இடுக்கி, வாய்க்குப் போவது சாப்பிடும் குச்சி. இரண்டையும் மாற்றாதீர்கள். 2011இல் ஒரு சங்கிலிக் கடையில் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டவர்களுக்கு ஈ.கோலை கிருமி தொற்றி 5 பேர் இறந்தார்கள். அதன்பின் பச்சை இறைச்சிக்குக் கடும் விதிகள் வந்தன. 2012 ஜூலையிலிருந்து மாட்டு ஈரலைப் பச்சையாகப் பரிமாறவே தடை. நல்ல வாக்யு உள்ளே சிவப்பாக இருக்கலாம், வெளிப்புறம் முழுவதும் சூடு பட்டிருக்க வேண்டும். உள்ளுறுப்புகள், பன்றி, கோழி என்றால் உள்வரை வெந்தே தீர வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதையும் முழுதாக வேகவைத்தே கொடுங்கள்.

ஹோருமோன்: குடலும் ஈரலும்

உள்ளுறுப்புகளை ‘ஹோருமோன்’ என்பார்கள். நம்மூரில் குடலும் போட்டியும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தைரியமாகத் திறக்கலாம். மாட்டின் நான்கு இரைப்பைக்கும் நான்கு பெயர். முதலாவது ‘மினோ’, கடிக்கக் கடிக்க மொறுமொறுப்பு. இரண்டாவது ‘ஹாச்சினோசு’, தேன்கூடு என்று பொருள், பார்த்தால் அப்படியே இருக்கும். மூன்றாவது ‘சென்மாய்’, புத்தகத்தின் தாள்கள்போல மடிப்பு மடிப்பாக. நான்காவது ‘கியாரா’. பெருங்குடல் ‘ஷிமாச்சோ’, இதயம் ‘ஹாட்சு’, ஈரல் ‘ரெபா’.

குடலைச் சுடும்போது தோல் பக்கம் முதலில் கீழே இருக்கட்டும். அது சுருங்கிப் பொன்னிறமாகும் வரை பொறுமையாகச் சுட்டு, கொழுப்புப் பக்கத்தைக் கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் காட்டுங்கள். நெருப்பு நிச்சயம் எழும், ஐஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

சாறு, சோறு, கூட வருபவை

மேசையில் தாரே, உப்பு, எலுமிச்சை, சில இடங்களில் வசாபி, கொரிய மிளகாய்க் கூழ் எல்லாம் இருக்கும். முதல் துண்டை எதுவும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது சிட்டிகை உப்போடு. கொழுப்பு மிகுந்த துண்டுக்கு வசாபி மிக நன்றாகச் சேரும். கொழுப்பு அதன் காரத்தை அடக்கிவிடுவதால் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே வைக்கலாம். மாட்சுசாகா நகரத்துக் கடைகளுக்குப் போனால் சோயா சாறுக்குப் பதில், நொதிக்கவைத்த சோயா விழுதான மிசோ கலந்த தாரே வரும். அந்த ஊர் வழக்கம் அது, ஒருமுறை ருசித்தால் மறக்காது.

வெள்ளைச் சோற்றைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். சூடான கருபியைத் தாரேயில் தோய்த்து, சோற்றின்மேல் ஒரு தட்டுத் தட்டி, கறியை வாயில் போட்டுக்கொண்டு, சாறு இறங்கிய அந்த இடத்துச் சோற்றை அள்ளிச் சாப்பிடுவது ஜப்பானியர்கள் பலருக்கு உயிர். சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிம்ச்சியும் நாமுலும் நடுநடுவே வாயைத் தெளிவாக்கும். ‘சாஞ்சு’ என்ற இலையில் கறியைச் சுற்றியும் சாப்பிடலாம். ஆனால் நல்ல வாக்யுவை அதில் சுற்றாதீர்கள், இலையின் சுவையில் கறி காணாமல் போகும்.

கூட்டமாகப் போகும்போது ஒருவர் சுட்டுக்கொடுப்பதும் உண்டு, ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தில் சுட்டுக்கொள்வதும் உண்டு. அடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கும் துண்டை எடுத்துவிடாமல் இருந்தால் சரி.

முடிக்கும் கிண்ணமும் பணமும்

கடைசியில் ஒரு கிண்ணம் சாப்பிட்டு முடிப்பது வழக்கம். சூடான கல் சட்டியில் வரும் பிபின்பா, முட்டை கலந்த சூப்பில் சோறு போட்ட ‘குப்பா’, குளிர்ந்த நூடுல்ஸ் ‘ரெய்மென்’ என்று பட்டியல் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு ரெய்மென் சொல்வேன். 1954இல் மோரியோக்கா நகரத்தில் ஒரு கடையில் தொடங்கிய வகை அது. பற்களுக்கு வேலை வைக்கும் இழுவையான நூடுல்ஸ், பனிபோல் குளிர்ந்த மாட்டெலும்புச் சாறு, கிம்ச்சி, மேலே ஒரு துண்டு தர்பூசணி. அவ்வளவு கொழுப்புக்குப் பிறகு அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கும்போது இன்னொரு தட்டு ஹராமி சொல்லலாமா என்று தோன்றும். இரண்டு மணி நேரம்தான் மேசை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

‘ஓகாய்கே ஓனெகாய்ஷிமாஸ்’ என்றால் ரசீது வரும். பல கடைகளில் வாசல் பக்கத்துக் கல்லாவில்தான் பணம் கட்ட வேண்டும். பட்டியலில் உள்ள விலையில் 10 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று முன்பே பாருங்கள். சில கடைகளில் உட்காரும் கட்டணம் ஒன்றும் இருக்கும். டிப்ஸ் கொடுக்காதீர்கள், மறந்து வைத்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள். அதற்குப் பதில் புறப்படும்போது ‘கோச்சிசோசமா தெஷ்தா’ என்று சொல்லுங்கள். விருந்துக்கு நன்றி என்று பொருள். அடுக்களைக்குள் கத்தியோடு நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

கல்லாவில் ஒரு புதினா சூயிங்கமோ மிட்டாயோ நீட்டுவார்கள், பூண்டு வாடைக்கு. அறைக்குத் திரும்பியதும் சட்டையை அலமாரிக்குள் போடாமல் வெளியே மாட்டுங்கள். ஜப்பானிய ஹோட்டல்களில் துணிக்கு அடிக்கும் வாசனை நீக்கும் திரவப் புட்டி பெரும்பாலும் அறையிலோ நடைக்கூடத்திலோ இருக்கும். அதைத் தாராளமாக அடித்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் பாதி வாடை போயிருக்கும்.